பின்மூடியின் உட்புறம்

பெரியம்மா அந்த வாட்ச்சைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். பெரியப்பாவின் காலாவதியான பாஸ்போர்ட், நிலவரி ரசீதுகள், இரண்டு அந்துருண்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் கைக்குட்டையில் முடிந்து வைத்த ஒமேகா. முட்கள் இரண்டு நாற்பதில் நின்றிருந்தன. பகல் இரண்டு நாற்பதா, இரவா என்று யாருக்குத் தெரியும்? "ஓடாது மக்களே. ஆனால் விற்றுவிடாதே" என்று மட்டும் சொல்லிக் கையில் தந்தார்.

1972-இல் பஹ்ரைனில் வாங்கியது அது. அங்கே வெல்டராக இருந்த பெரியப்பா, இரண்டு ஆண்டு மிச்சம் பிடித்து வாங்கினார். பம்பாயில் இறங்கி, ரயிலில் திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் ஊர் வர வேண்டும். நாகர்கோவிலுக்கு 1979 வரை ரயில் கிடையாது. அந்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும், சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் மணவாளக்குறிச்சிப் பக்கத்தில், அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் என்பது மணி பார்க்கிற பொருள் மட்டும் இல்லை.

நான் முந்திரி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறவன். இயந்திரம் படித்தவன் இல்லை. வாட்ச் கைக்கு வந்த முதல் வாரம், பெருநகரத்துக் கடை ஒன்றுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது. டயலுக்கு மறுபூச்சு, முட்கள் புதிது, கேஸுக்குப் பளபளக்கப் பாலிஷ், பிறகு சர்வீஸ். மொத்தத் தொகை என் இரண்டு மாதச் சம்பளம். மறுபூச்சு வேண்டாம் என்றேன். அப்படியானால் வேலையே எடுப்பதில்லை என்றார்கள். வீம்புதான் காரணம், வேறொன்றும் இல்லை. நானே திறந்து பார்ப்பது என்று அன்று இரவு முடிவு செய்தேன்.

திருகு மூடியைத் திறக்கத் தனிக் கருவி உண்டு. என்னிடம் இருந்தது அக்காள் மகனின் ரப்பர் பந்து. மூடியின் மேல் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால், சில வாட்ச்சுகள் திறந்துகொள்ளும். கொறட்டால் கடித்துத் திறந்து மூடியைக் குதறி வைத்த வாட்ச்சுகளைப் பிற்பாடு நிறையப் பார்த்தேன். அந்தப் பந்துக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன். மூடிக்கு வெளியே ஒமேகாவின் கடற்குதிரை. உள்ளே, செம்பும் பொன்னும் கலந்த நிறத்தில் மெஷின்.

ஆனால் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது மெஷினை இல்லை, கழற்றிய மூடியின் உட்புறத்தை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, ஊசியால் கீறிய மூன்று வரிகள். ஒன்று அரபி எண்களில். மற்ற இரண்டும் ஒரே கையெழுத்து: "தி 3-86", "தி 11-92". வாட்ச் வேலை செய்கிறவர்கள் சர்வீஸ் செய்த தேதியையும் தங்கள் அடையாளத்தையும் மூடிக்குள் கீறி வைப்பது உலகம் முழுக்க உள்ள பழைய வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாடிக்கையாளர் அதைப் பார்ப்பதே இல்லை. அடுத்து திறக்கப்போகிறவனுக்கு மட்டும் எழுதிய கடிதம். அதில் ஒரு தமிழெழுத்து இருந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நாகர்கோவிலில், வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் மிச்சமிருக்கிற வாட்ச் கடைகளில் விசாரித்தேன். கடைகள் என்பதே கொஞ்சம் அதிகம். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மேசை, கண்ணாடிப் பெட்டி, பேட்டரி அட்டைகள். மூன்றாவது ஆள் மூடியின் படத்தைப் பார்த்ததுமே, "இது நம்ம பாட்டா கை" என்றார். பாட்டாவுக்கு எழுபத்தெட்டு வயது. மணிமேடை பக்கத்தில் ஒரு சந்தில், மகன் நடத்தும் மொபைல் கடையின் மூலையில் அவருக்கென்று ஒரு மேசை இருந்தது. "கை நடுங்குகிறது மக்களே. பேட்டரி மாற்றுவேன், பட்டை மாற்றுவேன். மெஷின் வேலை விட்டாயிற்று" என்றார். வாட்ச்சை மட்டும் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"யார் இதில் தேங்காய் எண்ணெய் விட்டது?"

எனக்குத் தெரியாது. அன்று மாலை பெரியம்மாவிடம் கேட்டேன். சாவிக் குமிழ் இறுகிப்போகிறது என்று ஆண்டுதோறும் கோடையில் ஒரு சொட்டு விடுவாராம். கதவுக் கீல், தையல் மெஷின், சைக்கிள் செயின், தலை, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. எங்கள் மாவட்டத்தில் இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றுப்பட்டால் சிக்குப் பிடிக்கும், மார்கழிக் குளிரில் உறையும். குமிழின் தண்டைச் சுற்றி அது மஞ்சள் பிசினாக இறுகியிருந்தது.

பாட்டா வேலை செய்ய மாட்டார், கேட்டால் சொல்வார். அதுவே ஒப்பந்தம். முதல் கட்டளை: "இதைத் தொடாதே. ஒரு ஜனதா வாங்கி, அதைக் கெடு."

எச்.எம்.டி. ஜனதாவைச் சொன்னார். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961-இல் தொடங்கிய தொழிற்சாலையின் வாட்ச். சாவி கொடுத்து ஓட்டுவது, 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. அந்த நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததும் சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் ஓடாத ஜனதா இன்றும் எளிதில் கிடைக்கிறது. நான் இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கெடுத்தேன். இரண்டாவதைப் பதினொரு முறை பிரித்துப் பூட்டினேன். பன்னிரண்டாம் முறை அது ஓடியது. இதற்கு ஏழு மாதம்.

கல் என்று சொல்வது அழகுக்கு வைத்த கல் இல்லை, இரும்பு அச்சு சுழல்கிற குழி. செயற்கை மாணிக்கம். பிரான்சின் வெர்னூய் 1902-இல் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டதிலிருந்து, அது மலிந்துவிட்டது. பெரியப்பாவின் ஒமேகாவில் 24 கல். 565 என்று எண் கொண்ட தானியங்கி மெஷின். கையை அசைக்க அசைக்க உள்ளே அரைவட்ட எடை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். மணிக்கு 19,800 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்தரை. ஒரு நாளைக்கு 4,75,200. ஆண்டுக்குப் பதினேழு கோடிக்கும் மேல். கணக்கெழுதுகிறவன் என்பதால் இதைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசி எண்ணெய் 1992 என்றால், அதன் பிறகு பெரியப்பா கட்டியிருந்த ஆண்டுகளில் எத்தனை கோடி உலர்ந்த துடிப்புகள் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஒமேகாவைப் பிரித்தது ஒரு புரட்டாசி ஞாயிறு. முதல் வேலை, ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் முறுக்கை இறக்குவது. குமிழை விரலில் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கிளிக்கை மெல்ல விலக்கினால், குமிழ் விரல்களுக்கிடையே திரும்பித் திரும்பி வந்து ஓயும். இதை மறந்துவிட்டு, சக்கரங்களைப் பிடித்து நிற்கும் பாலத்தின் திருகைக் கழற்றினால், உள்ளே இருக்கிற பலம் முழுவதும் ஒரே நொடியில் சக்கரப் பற்களின் மேல் பாயும். பிறகு முட்கள், டயலில் கீறல் விழாமல் இருக்க, பிளாஸ்டிக் உறையை வெட்டி விரித்து அதன் மேல் நெம்ப வேண்டும். பிறகு டயல். பிறகு சுழலும் எடை, அதன் கீழுள்ள சக்கரங்கள், பேலன்ஸ் (இடமும் வலமும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்), பேலட் ஃபோர்க் (மற்றச் சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் கவட்டை), பாலங்கள்.

கழற்றிய திருகுகளை வைக்க அம்மாவின் பல்லாங்குழிப் பலகையை எடுத்துக்கொண்டேன். பதினான்கு குழி. கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக நிரப்பி, திரும்பும்போது வலமிருந்து இடமாகக் காலி செய்வது. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும். இடம் மாறிப் போட்டால் அடுத்த பக்கம் துருத்திக்கொண்டு தேதிச் சக்கரத்தை நிறுத்திவிடும். பலகை நன்றாகத்தான் உதவியது. ஆனால் மரக்குழியில் எப்போதும் கொஞ்சம் தூசி இருக்கும். இப்போது மாத்திரை டப்பாவுக்கு மாறிவிட்டேன். அம்மாவுக்கும் பலகை திரும்பக் கிடைத்தது.

மின்விசிறி போட முடியாது. இது ஒன்றை எந்த வெளிநாட்டுக் காணொளியும் சொல்வதில்லை. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில், புரட்டாசிப் புழுக்கத்தில், விசிறி இல்லாமல், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தால் மூக்கு நுனியில் வியர்வை திரளும். அது விழுகிற இடம் எப்போதும் மெஷினாகத்தான் இருக்கும். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டேன். விரல்களில் ரப்பர் உறை. உப்புக் காற்றில் விரல் ரேகை பட்ட எஃகு இரண்டே நாளில் துரு காட்டியதை ஜனதாவில் பார்த்திருந்தேன்.

அன்றுதான் கிளிக் ஸ்பிரிங் பறந்தது. மீசை மயிரைப் போல் வளைந்த ஒரு கம்பி. ட்வீசரின் பிடி கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான், 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. பிறகு எதுவும் இல்லை. முழந்தாளிட்டுத் தரை முழுவதும் தேடினேன். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றித் தரையில் இழுத்தேன். எடுத்துப் பார்த்தால் காகிதம் முழுக்கக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மணல். எங்கள் கடற்கரையின் கருமணல். அதிலுள்ள இல்மனைட்டை ஊரிலுள்ள ஆலையில் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறார்கள். பெருக்கிப் பெருக்கித் துடைத்த தரை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த தரையில் அத்தனை மணல்! மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் மணல் வந்தது, ஸ்பிரிங் வரவில்லை. அம்மா வாசலில் நின்று, "காந்தத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போ, நாளைக்கு எனக்குப் பெருக்கும் வேலை மிச்சம்" என்றார்.

இரவு பத்து மணிக்குக் கருவிகளை எடுத்து வைக்கும்போது பார்த்தேன். ஸ்பிரிங் திருப்புளியின் தண்டில், கைப்பிடியை ஒட்டி, ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளி காந்தமேறியிருக்கிறது. அது தெரியாமல் அதே திருப்புளியால் மெஷின் முழுக்கத் தொட்டிருக்கிறேன்.

காந்தம் ஏறினால், பேலன்ஸை ஆட்டுகிற மெல்லிய கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி, வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். கையோடு இருந்த திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், ஊசி ஆடிக் காட்டிக்கொடுக்கும். காந்தம் நீக்கும் சிறு பெட்டி ஒன்று வாங்கினேன். பொத்தானை அழுத்தியபடி பொருளை மேலே பிடித்து, கை நீளத்துக்கு மெதுவாக விலக்கி, அதன் பிறகே பொத்தானை விட வேண்டும். அவசரப்பட்டு முதலில் விட்டால் ஏறியே நிற்கும்.

அடுத்த ஞாயிறு முதல் கொசுவலைக்குள் உட்கார்ந்து வேலை செய்தேன். கட்டிலின் மேல் சிறு மேசை, மேசையின் மேல் விளக்கு, என்னைச் சுற்றி வலை. எது பறந்தாலும் வலைக்குள்தான். வீட்டுக்கு வந்த சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "காய்ச்சலா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

கழுவும் முறையில் பாட்டா கண்டிப்பானவர். அவர் காலத்தில் எல்லாவற்றையும் வெள்ளைப் பெட்ரோலில் கழுவுவார்கள். இன்று சுத்தமான ஆல்கஹால் எளிதாகக் கிடைப்பதால் பலர் எல்லாவற்றையும் அதில் ஊற வைக்கிறார்கள். "பேலட்டைப் போடாதே" என்றார் முன்கூட்டியே. "அதிலுள்ள கல்லை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும்." சுவிட்சர்லாந்தில் செய்த மெஷினில், மரத்தில் பூச்சி சுரக்கிற அரக்கு! பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கல்லையும் அதே அரக்குதான் பிடித்து நிற்கிறது. மரச்சாமானுக்குப் பூசும் அதே பொருள், மில்லிமீட்டரில் ஒரு துளி, ஐம்பது ஆண்டு கழித்தும் அசையாமல்.

பிசுக்கு போன பிறகு மெஷினைப் பார்க்க வேண்டும். செம்பொன் நிறம் அப்படியே மேலெழும்பி வந்தது. அதே லென்ஸில் என் தவறும் தெரிந்தது: திருப்புளி வழுக்கி, பாலத்தின் மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கீறல். தேய்த்து மறைக்கலாமா என்று யோசித்தேன். தேய்த்தால் முலாம் போய்விடும். விட்டுவிட்டேன்.

எண்ணெய்தான் இந்த வேலையில் சிரமமானது. ஒரே எண்ணெய் இல்லை. வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு நீர்த்த எண்ணெய், மெதுவாக அதிகப் பாரத்தோடு சுழல்பவற்றுக்குக் கெட்டியானது, பேலட் கற்களின் முகத்துக்குத் தனியாக ஒரு கொழுப்பு. பேலட் அச்சின் முனைகளுக்கு எண்ணெயே வைக்கக் கூடாது. ஜனதாவில் வைத்துவிட்டு, ஏன் தள்ளாடுகிறது என்று ஒரு வாரம் தேடியிருக்கிறேன். பேலன்ஸ் அச்சின் முனை சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அது நிற்கும் தொப்பிக் கல்லைக் கழற்றி, கவிழ்த்து, நடுவில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். சொட்டு என்று சொல்வது பழக்கத்தால். கம்பியின் நுனியை எண்ணெயில் தொட்டு எடுத்தால் வருவதில் பாதிகூட அதிகம். வைத்த எண்ணெய் கல்லின் நடுவில் உருண்டையாக, விளிம்பைத் தொடாமல் நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டால், சுவரோரமாக மழைநீர் இறங்குவது போல, அது மெல்ல ஓடிப்போய்விடும். கல் உலரும்.

முதல் முறை அதிகம் வைத்தேன். கழுவினேன். இரண்டாம் முறை போதவில்லை. மூன்றாம் முறை வைத்துவிட்டு, போதும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு பேலன்ஸ். ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கும் சக்கரத்தைப் பாலத்தோடு சேர்த்துத் தூக்கி, தொட்டிலைத் திருப்புவது போல் திருப்பி, கீழ்முனையைக் கல்லின் துளையில் இறக்கி, பேலட்டின் கவட்டைக்குள் அந்தச் சிறு கல் நுழையும்படி வைக்க வேண்டும். கண்ணால் பார்த்து வைக்க முடியாது. தோராயமாக இறக்கி, பாலத்தை மயிரிழை அசைத்தபடி காத்திருக்க வேண்டும். சரியாக உட்காரும் வரை அது உயிரற்ற தகரம். உட்கார்ந்த நொடியில், நான் திருகைப் போடுவதற்கு முன்னாலேயே, சக்கரம் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஸ்பிரிங் சுருங்கி விரிந்தது. கொசுவலைக்குள் உட்கார்ந்து, கையை எடுக்கவும் மனமில்லாமல், மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

நேரம் சோதிக்கும் சிறு கருவியில் மைக் மீது வைத்துப் பார்த்தேன். பேலன்ஸ் எத்தனை பாகை வீசுகிறது என்பதை அது காட்டும். ஆனால் மெஷினுக்குரிய லிஃப்ட் கோணத்தை, அதாவது ஒரு துடிப்பில் பேலட்டைத் தொட்டபடி பேலன்ஸ் திரும்பும் கோணத்தை, நாம் சொல்ல வேண்டும். கருவி தானாக 52 என்று வைத்துக்கொள்ளும்; இந்த மெஷினுக்கு 49. மாற்றாமல் பார்த்தால் 270 பாகை வீச்சு 286 என்று தெரியும், நாமும் தேர்ந்த கைகாரன் என்று நினைத்துக்கொள்ளலாம். நான் அரைமணி நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்றிய பிறகு 268. நாளுக்கு எட்டு நொடி முந்தல். 86,400 நொடியில் எட்டு. வெல்டிங் பட்டறையின் சூட்டையும் தேங்காய் எண்ணெயையும் பார்த்த மெஷினுக்கு, இதற்கு மேல் கேட்பது பேராசை.

இனி அலங்காரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் உண்மையில் இந்த வேலையைத் தொடங்கும்போது எனக்கிருந்த ஆசை சர்வீஸ் இல்லை, இந்த வாட்ச்சை 'என்னுடையதாக' ஆக்குவது. கருநீல டயல், அதற்கேற்ற முட்கள், குமிழிலே ஒரு மாற்றம். நீல டயல் ஒன்றை வெளியிலிருந்து வரவழைத்தேன்கூட. அழகான டயல்தான். பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் வெள்ளி நிறம் ஓரங்களில் மங்கியிருந்தது. மணிக் குறிகளின் முனையில் இருந்த ஒளிப்புள்ளிகள் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தன. கீழே, சுவிஸ் தயாரிப்பு என்ற வரிக்கு இருபுறமும் பொடியாக 'டி' என்ற எழுத்து: டிரிடியம் பூசியது என்பதற்கு அடையாளம். அதன் அரையாயுள் பன்னிரண்டு ஆண்டு சொச்சம். இப்போது தொடக்கத்தில் இருந்ததில் இருபதில் ஒரு பங்குகூட மிச்சமிராது. இருட்டில் ஒன்றும் ஒளிர்வதில்லை. (1960-களுக்கு முந்தைய வாட்ச் உங்களிடம் இருந்தால் நிதானம் தேவை. அவற்றில் பல ரேடியம் பூசியவை. ஒளிராவிட்டாலும் அதன் வீரியம் போகாது. டயலைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். தோரியம் கலந்த மணலில் விளையாடி வளர்ந்த ஊர்க்காரன் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் ரேடியத் தூளை மூச்சில் இழுப்பது வேறு சங்கதி.)

நீல டயலைத் திரும்ப உறையில் போட்டேன். அது இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னொரு வாட்ச்சுக்கு ஆகும்.

மாற்றியவை இரண்டே. கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். விரிசல் விட்டிருந்ததால் புதிது போட்டேன். சின்னக் கீறல் மட்டும் என்றால், மாற்றவே வேண்டாம், பற்பசை தொட்டு மெல்லிய துணியால் ஐந்து நிமிடம் தேய்த்தால் மறைந்துவிடும். இரண்டாவது, பட்டை. மார்த்தாண்டத்தில் பை தைக்கும் அண்ணனிடம் 18 மில்லிமீட்டர் அகலத்தில் எருமைத்தோல் பட்டை தைக்கச் சொன்னேன். செருப்பு நூலில் தைத்துக் கொடுத்தார். வெளிநாட்டுப் பட்டைகளைவிடத் தையல் நேர்த்தியாக இருந்தது. ஒரே கோடையில் வியர்வை குடித்து நாறிவிட்டது. இப்போது சாம்பல் நிற நைலான் பட்டை போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போடுகிறேன். பாலிஷ் போடவில்லை. பட்டையைப் பூட்டுகிற இடதுபுறக் கால்களில் பொடிப்பொடியாகக் குழிகள் உண்டு. வெல்டிங் பொறி பட்டது என்று அப்பா சொல்கிறார்.

பாட்டாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். பிறகு மூடியைத் திறக்கச் சொல்லி, கீறல் விழுந்த பாலத்தை மட்டும் பார்த்து, "ம்" என்றார். நான் ஒரு பேச்சுக்காக மூடியில் தேதி கீறலாமா என்று கேட்டேன். "என்ன அவசரம்? எண்ணெய் நிற்கிறதா என்று பார்" என்றார். பிறகு பேச்சு பத்மநாபபுரம் அரண்மனைக் கடிகாரத்துக்குப் போய்விட்டது. முன்னூறு வருடமாக எடைகளின் இழுவையில் ஓடுகிற கடிகாரம். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் மணிமேடையில் 1893-இல், ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் வைத்த கடிகாரம். இரண்டையும் பார்த்துவிட்டு வா என்றார். "பெரிய மெஷினில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்தால் இது புரியும்." போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதில் பாதி புரிந்தது.

ஏழு மாதம் வாட்ச் கையிலேயே இருந்தது. சித்திரையில் ஒரு நாள், பழக்கத்தில் கருவியின் மேல் வைத்தபோது கணக்கு உதைத்தது. கவிழ்த்து வைத்தால் வீச்சு 266. டயல் மேலே பார்க்க வைத்தால் 241. இரண்டு நாள் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், அதேதான். இந்த முறை கொசுவலைக்குள் போகாமல் நேராக நாகர்கோவில் பஸ் ஏறினேன்.

பாட்டாவிடம் கருவி கிடையாது. எண்களையும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் படுத்தால் சோர்கிறது?" என்று மட்டும் கேட்டார். டயல் மேலே இருந்தால் என்றேன். "அப்போது பாரம் மேல்பாலத்துக் கல்லில். அந்தக் கல்லில் எண்ணெய் ஓடியிருக்கிறது." டயல் வானத்தைப் பார்த்தால் மெஷின் தலைகீழாகிறது, பேலன்ஸ் அச்சு பாலத்தின் பக்கத்துக் கல்லில் நிற்கிறது, சரிதான். எழுதிப் பார்த்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அவர் எழுதவில்லை.

மூடியைத் திறந்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கினார். ட்வீசரை எடுத்த கை உண்மையிலேயே நடுங்கியது, எனக்குப் பகீரென்றது. சுண்டுவிரலை மேசையின் விளிம்பில் ஊன்றினார். நடுக்கம் நின்றது. எப்படி நின்றது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். கல்லைப் பிடித்திருந்த ஸ்பிரிங்கை ஒரு பக்கம் திறந்து, கல்லை எடுத்து, கட்டைவிரல் நகத்தளவு துணியில் துடைத்து, கவிழ்த்து வைத்தார். என்னைக் குனியச் சொன்னார். கல்லின் விளிம்பில் வளையமாக ஒரு மங்கல். நான் வைத்த மூன்றாம் முறை எண்ணெய், 'போதும்' என்று நானே சொல்லிக்கொண்டது.

"கூடிவிட்டது" என்றார்.

அவர் வைத்த துளி என் லென்ஸுக்கு முதலில் தெரியவேயில்லை. வெளிச்சம் சாய்ந்தபோதுதான் நடுவில் ஒரு மினுக்கம். கல்லைத் திரும்ப வைத்து, ஸ்பிரிங்கை மூடி, வாட்ச்சை ஒரு முறை ஆட்டிக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு இழுப்பறையைத் துழாவி, கைப்பிடி இல்லாத ஓர் ஊசியை எடுத்து, மூடியின் உட்புறத்தில், தன் இரண்டு பழைய வரிகளுக்குக் கீழே, நிறுத்தி நிறுத்திக் கீறினார். 'தி' வளைவு முன்பு போல் வரவில்லை.

"பாட்டா, முழு சர்வீஸ் நான் செய்தது" என்றேன். சிரித்துக்கொண்டுதான்.

"செய்தாய். யார் இல்லை என்றது? அடுத்ததற்கு நீ கீறு, இடம் கிடக்கிறதே."

கூலி எவ்வளவு என்று கேட்டேன். மகன் மொபைல் கடையிலிருந்து, "பணமெல்லாம் வேண்டாம் அண்ணா" என்றார். பாட்டா அவரைத் திரும்பிப் பார்க்காமல், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பில் புத்தகத்தை எடுத்து, தூசியைத் தட்டி, கார்பன் தாளைச் சரி செய்து, எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

ஒமேகா. ஒரு கல். எண்ணெய். ரூ. 50.